முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

உருவப்படம் என்ற ஓவிய வகைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இயற்கைக் காட்சியை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். உருவப்படம் அப்படியில்லை. படத்தில் இருப்பவரோ அவருடைய குடும்பமோ காசு கொடுத்து வரையச் சொல்வதுதான் வழக்கம். "இது நான்தான், என்னை இப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்" என்பதற்காகத்தானே அந்தச் செலவு? அப்படிப் பார்த்தால், பெயரில்லாத உருவப்படம் என்பது விசித்திரமான ஒரு பொருள். முகவரி எழுதாமல் தபால்பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி.

ஆனாலும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பட்டியலைப் புரட்டினால் பெயரில்லாத பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'ஒரு பெண்ணின் உருவப்படம்', 'இளம்பெண்', 'சீமாட்டி ஒருவர்' என்று வரிசையாக வரும். இவர்களில் பலருக்குப் பெயர் முதலில் இருந்தது, சொத்து கைமாறும்போது தொலைந்துபோனது. அது ஒரு வகை. முதல் நாளிலிருந்தே பெயர் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டவர்கள் இன்னொரு வகை. இந்தப் பதிவு அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. ஒரு படத்தை நடுவில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நாலைந்து படங்களை மாட்டிப் பார்க்கலாம்.

1800, பாரிஸ்

நடுவில் இருக்கும் படம் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. வரைந்தவர் மரி-கில்மின் பென்வா என்ற பெண். உயரம் 81 செ.மீ., அகலம் 65 செ.மீ. பெரிய படம் இல்லை. வெளிர் நிறப் பின்னணி. நாற்காலியில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் அழகாகச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, காதில் பொன் வளையம். உடம்பில் வெள்ளை உடை, அது தோளிலிருந்து இறங்கி ஒரு மார்பு வெளியே தெரிகிறது. இடுப்பில் சிவப்பு நாடா. நாற்காலிமேல் நீலத் துணி. முகத்தை நம் பக்கம் திருப்பி நேராகப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை, கெஞ்சவில்லை, வெட்கப்படவும் இல்லை.

தோலை வரைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கழுத்தெலும்பின்மேல் விழும் வெளிச்சம், முழங்கைப் பக்கம் அடரும் நிழல் எல்லாம் நின்று நிதானமாகப் பார்த்து வரையப்பட்டவை. கேலிச் சித்திரத்தின் சாயல் கொஞ்சமும் இல்லை. இது கற்பனை முகம் கிடையாது, எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம். பார்த்ததும் தெரிந்துவிடும்.

இந்தப் படம் 1800-ஆம் ஆண்டு பாரிஸின் அரசுக் கண்காட்சியான சலோனில் வைக்கப்பட்டது. அதற்குக் கொடுத்த தலைப்பு: 'ஒரு நெக்ரெஸ்ஸின் உருவப்படம்'.

அந்தச் சொல்லை வேண்டுமென்றே பிரெஞ்சிலேயே விட்டிருக்கிறேன். 'நீக்ரோ பெண்' என்று தமிழில் பெயர்த்தால் அதன் வேலை சரியாகத் தெரியாது. நெக்ரெஸ் என்பது ஒரே சொல். இனப்பெயர், அதோடு ஒரு பெண்பால் விகுதி. அவ்வளவுதான் அது. இது நமக்குப் புரியாத விஷயம் இல்லையே! தமிழில் குறத்தி, இடைச்சி, வலைச்சி, வண்ணாத்தி என்று சொல்வது எப்படி? சாதிப் பெயர், பின்னால் 'த்தி'யோ 'ச்சி'யோ. ஆள் முடிந்தது. பழைய பாட்டுகளில் இந்தச் சொற்கள் சில பெருமையாகவும் வரும், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் ஒருவர் "ஏய், வண்ணாத்தி" என்று கூப்பிட்டால் அதன் பொருள் என்ன? "உன் பெயர் எனக்குத் தேவையில்லை, நீ என்ன வேலைக்கு வந்தாய் என்று தெரிந்தால் போதும்." சலோன் தலைப்பு செய்வதும் இதைத்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அந்தக் காலத்துக் கண்காட்சிக் கையேடுகளில் வெள்ளைக்காரப் பெண்களின் உருவப்படங்களும் பலமுறை பெயரில்லாமல்தான் வந்தன. 'ஒரு பெண்ணின் உருவப்படம்', 'திருமதி இன்னார்' என்று போட்டுவிட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி. அப்படியிருக்க இந்த ஒரு படத்தை மட்டும் பிடித்துக்கொள்வானேன்?

பெயரை மறைப்பது வேறு, பெயரைக் கேட்காமலே விடுவது வேறு. சீமாட்டியின் பெயரை மறைத்தது அவள் குடும்ப கௌரவத்தைக் காப்பாற்ற. தெரிய வேண்டியவர்களுக்கு அவள் யாரென்று தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் கணக்கு. நட்சத்திரக் குறியே "இந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறது. நம் படத்தின் தலைப்பில் அப்படிக் காலியிடம் எதுவும் விடப்படவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இனம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பக்கத்தில் இரண்டு படங்கள்

அதே 1800-இல், அதே பாரிஸில், பென்வாவின் ஆசிரியரான ழாக்-லூயி தாவீத் ஒரு படத்தைத் தொடங்கினார். வங்கிக்காரர் ஒருவரின் மனைவியான ழூலியட் ரெகாமியே சாய்வு இருக்கையில் வெறுங்காலோடு சாய்ந்திருக்கும் படம். அதிலும் வெள்ளை உடை, அதிலும் நேர்ப்பார்வை. இந்தப் படம் கடைசிவரை முடியவில்லை. ரெகாமியே வேறொரு ஓவியரிடம், அதாவது தாவீதின் மாணவரான ஜெரார்டிடம், தன்னை வரையச் சொல்லிவிட்டார். முடியாத படம் இன்று லூவரில் இருக்கிறது, 'மதாம் ரெகாமியே' என்ற பெயரோடு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ரெகாமியே ஓவியரை மாற்றினார் என்பது. அப்போது அவருக்கு வயது 22. எதிரில் இருந்தவரோ பிரான்ஸின் மிகப் பெரிய ஓவியர். ஆனாலும் 'இது வேண்டாம்' என்ற முடிவு அவர் கையில் இருந்தது. உருவப்படத்தில் ஒருவரின் சமூக நிலையைக் காட்டும் அடையாளங்கள் என்று நகை, பட்டு, நாற்காலி, நாய்க்குட்டி என்றெல்லாம் பட்டியல் போடுவோம். என்னைக் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத இந்த உரிமைதான் எல்லாவற்றிலும் பெரிய அடையாளம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை.

அடுத்த படம் ஓர் ஆணுடையது. ஜிரோதே என்ற ஓவியர் 1797-இல் வரைந்தது, இப்போது வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் ழான்-பத்தீஸ்த் பெலே. செனகலில் பிறந்து, அடிமையாக சான்-தொமிங் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். இன்றைய ஹெய்ட்டிதான் அந்த சான்-தொமிங். தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கினார். பிறகு படை அதிகாரியானார், பிரெஞ்சுப் புரட்சி மன்றத்தில் உறுப்பினரும் ஆனார். படத்தில் மன்ற உறுப்பினருக்குரிய உடையில் இருக்கிறார், இடுப்பில் மூவண்ணக் கச்சை. அடிமை முறையைக் கண்டித்து எழுதிய ரேனால் பாதிரியாரின் பளிங்குச் சிலைமேல் சாய்ந்து நிற்கிறார். 1798 சலோனில் இந்தப் படம் வைக்கப்பட்டபோது பெலேயின் பெயரும் குடியேற்றங்களின் முன்னாள் பிரதிநிதி என்ற பதவியும் தலைப்பிலேயே இருந்தன.

மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகிறது. வெள்ளை நிறமாக இருந்தால் பெண்ணுக்குப் பெயர் உண்டு. பதவி இருந்தால் கறுப்பின ஆணுக்கும் பெயர் உண்டு. கறுப்பாகவும், பெண்ணாகவும், வேலைக்காரியாகவும் இருப்பவளுக்கு மட்டும் பெயரில்லை. நிறம் ஒன்றால் மட்டுமே இது நடந்ததாகச் சொல்ல முடியாது, பெண் என்பதால் மட்டும் என்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஆள்மேல் சேர்ந்து விழும்போது என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அந்த மார்பைப் பற்றி

இந்தப் படத்தைப் பற்றிப் பொதுவாக இரண்டு வாசிப்புகள் உண்டு.

முதல் வாசிப்பு இதை விடுதலைப் படமாகப் பார்க்கிறது. நாற்காலியின் நீலம், உடையின் வெள்ளை, நாடாவின் சிவப்பு மூன்றும் சேர்ந்தால் பிரெஞ்சுக் குடியரசின் கொடி. 1794 பிப்ரவரியில் பிரெஞ்சு மன்றம் அடிமை முறையை ஒழித்திருந்தது. திறந்த மார்பு என்பது ஐரோப்பிய ஓவிய மரபில் சுதந்திரத்தாயைக் குறிக்கும் உருவகம். ஆகவே பென்வா ஒரு கறுப்பினப் பெண்ணைக் குடியரசின் உருவமாகவே உட்கார வைத்திருக்கிறார் என்கிறது இந்த வாசிப்பு.

இரண்டாவது வாசிப்பு நேர் எதிர். தன் வீட்டாரை நம்பி இருக்கும் ஒரு பெண்ணை ஓவியர் அரைகுறை உடையில் உட்கார வைத்தார். அடிமைச் சந்தையில் பெண்களை உடை களைந்து பார்த்ததற்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை என்கிறது.

இந்த இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ரெகாமியேயின் படத்தில் அந்த மார்பைத் திறந்துவிட்டு, 'மதாம் ரெகாமியே' என்ற தலைப்பை அப்படியே வைத்து சலோனில் மாட்டியிருக்க முடியுமா? முடியாது, ஊரே கொந்தளித்திருக்கும். மரியாதையுள்ள, பெயருள்ள, உயிரோடிருக்கும் ஒரு பெண்ணை அப்படிக் காட்ட முடியாது. உருவகத்துக்குத்தான் அந்த அனுமதி உண்டு. சுதந்திரத்தாய்க்கு வீட்டு முகவரி கிடையாது, அண்ணன் தம்பி வந்து சண்டை போட மாட்டார்கள்.

அதனால் எனக்குப் படுவது இது: பெயரை எடுத்ததும் மார்பைத் திறந்ததும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். பெயர் இல்லாததால்தான் அவளை உருவகமாக்க முடிந்தது. கொடியின் மூன்று வண்ணத்தையும் அவள்மேல் போர்த்த முடிந்தது. விடுதலையைப் பற்றிய படமாகவே இருக்கட்டும், அந்த விடுதலையின் விலையைக் கட்டியது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த விடுதலையும் நிலைக்கவில்லை. 1802-இல் நெப்போலியன் அடிமை முறையை மீண்டும் கொண்டுவந்தார். அதே ஆண்டு கறுப்பினத்தவர் பிரான்ஸ் மண்ணுக்குள் வருவதற்கும் தடை போடப்பட்டது. குவாதலூப் தீவில் எதிர்த்து நின்றவர்கள் நசுக்கப்பட்டார்கள். இரண்டாவது முறையாக, நிரந்தரமாக, அடிமை முறை ஒழிந்தது 1848-இல்தான். இந்தப் படம் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் இருந்த எட்டு வருட இடைவெளியில் வரையப்பட்டது. அவள் பார்வையில் இருக்கும் அந்த எச்சரிக்கையை நான் கற்பனை செய்துகொள்கிறேனா என்னவோ, ஆனால் தேதிகள் கற்பனை இல்லை.

வரைந்தவளின் பெயர்

சரி, வரைந்த பெண் யார்? பென்வா 1768-இல் பாரிஸில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் லவில்-லெரூ. முதலில் விழே லெ ப்ரூனிடம் படித்தார், பிறகு தாவீதிடம். 1793-இல் வழக்கறிஞர் ஒருவரை மணந்து பென்வா ஆனார். இந்தப் படத்தில் அவர் கையெழுத்து எப்படி இருக்கிறது தெரியுமா? பிறந்த வீட்டுப் பெயரை முதலில் எழுதி, அதன் கீழே 'பென்வாவின் மனைவி' என்று போட்டிருக்கிறார். மதாம் பென்வா என்று மட்டும் எழுதி முடித்திருக்கலாம். செய்யவில்லை.

படம் கண்காட்சிக்கு வந்தபோது விமர்சகர் ஒருவர், வெளுத்த அழகிய கை ஒன்று இப்படியொரு கறுமையைச் செய்துவிட்டதே என்று கிண்டலடித்தார். பிரெஞ்சில் கறுமைக்கான அந்தச் சொல்லுக்குக் கெட்ட செயல் என்றும் பொருள் உண்டு. ஒரே வரியில் வரைந்தவளுக்கும் அடி, வரையப்பட்டவளுக்கும் அடி.

பென்வாவின் தொழில் நன்றாகத்தான் போனது. 1804-இல் தங்கப் பதக்கம் பெற்றார், நெப்போலியனின் உருவப்படம் வரையும் வேலையும் வந்தது. பிறகு 1814. மன்னராட்சி திரும்பியது, கணவருக்கு அரசில் உயர்ந்த பதவி கிடைத்தது. அந்தப் பதவியில் இருப்பவரின் மனைவி பொதுக் கண்காட்சியில் படம் மாட்டுவது கௌரவக் குறைச்சல் என்றானது. பென்வா நிறுத்திக்கொண்டார். சமூகத்தின் தப்பெண்ணத்துக்காகத் தன் தொழிலை விட வேண்டியிருந்தது எவ்வளவு வலித்தது என்று கணவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1818-இல் பதினெட்டாம் லூயியின் அரசு நம் படத்தை விலைக்கு வாங்கியது. படம் அரசுச் சொத்தானபோது அதை வரைந்தவர் கண்காட்சிகளை விட்டு விலகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

இதனால் வரைந்தவளும் வரையப்பட்டவளும் ஒன்று என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டு பேருமே ஒடுக்கப்பட்டவர்கள், அதனால்தான் இந்தப் படத்தில் இவ்வளவு பரிவு என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. பென்வா இழந்தது ஒரு தொழிலை. அது பெரிய இழப்புதான். ஆனால் அவருடைய இழப்பைச் சொல்ல ஒரு கடிதம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பிறந்த தேதி, கணவர் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் இருக்கின்றன. எதிரில் உட்கார்ந்தவளுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. ஒரே அறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்பதால் இரண்டு பேரின் நிலையும் ஒன்றாகிவிடாது. எஜமானியம்மாவுக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் சேர்த்து 'பெண்கள் நிலை' என்று ஒரே பத்தி எழுதும் பழக்கம் நம்மிடமும் உண்டு, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெயர் இருந்தும் தொலைந்த கதை

'அந்தப் பெண் வேலைக்காரி, அதனால் பெயரில்லை, இதே பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால்?' என்று கேட்டால், அதற்கும் ஒரு படம் இருக்கிறது. 1779-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வரையப்பட்டது. இன்று ஸ்காட்லாந்தின் ஸ்கோன் அரண்மனையில் உள்ளது.

படத்தில் இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி வெள்ளைக்காரி. இளஞ்சிவப்பு உடையில் உட்கார்ந்து, ஒரு கையில் புத்தகம் வைத்திருக்கிறாள். மறு கையை நீட்டி இன்னொருத்தியின் கையைத் தொடுகிறாள். அந்த இன்னொருத்தி கறுப்பினப் பெண். பளபளக்கும் பட்டு உடை, கழுத்தில் முத்து, தலையில் இறகு செருகிய தலைப்பாகை, கையில் பழங்கள். எங்கேயோ ஓடப்போகிறவள் மாதிரி, கன்னத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

வெள்ளைப் பெண் லேடி எலிசபெத் மர்ரே. மற்றவர் டைடோ எலிசபெத் பெல். 1761-இல் பிறந்தவர். தாய் மரியா பெல், அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். தந்தை பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி சர் ஜான் லிண்ட்சே. தந்தையின் மாமாவான மேன்ஸ்ஃபீல்ட் பிரபுவின் கென்வுட் மாளிகையில் இரண்டு பெண்களும் ஒன்றாக வளர்ந்தார்கள். இந்த மேன்ஸ்ஃபீல்ட்தான் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. இங்கிலாந்து மண்ணில் இருக்கும் ஓர் அடிமையை வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுபோக முடியாது என்று 1772-இல் சாமர்செட் வழக்கில் தீர்ப்பு எழுதியவர்.

அவர் வீட்டிலேயே கணக்கு எப்படி இருந்தது? எலிசபெத்துக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு கைச்செலவுப் பணம், டைடோவுக்கு சுமார் 30. விருந்தினர் வந்தால் டைடோ அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார், சாப்பாடு முடிந்த பிறகு காப்பிக்கு வந்து சேர்ந்துகொள்வார். 1793-இல் மேன்ஸ்ஃபீல்ட் இறந்தபோது அவருடைய உயிலில் டைடோவுக்கு 500 பவுண்டும் ஆண்டுதோறும் 100 பவுண்டும் எழுதியிருந்தது. கூடவே, அவருடைய சுதந்திரத்தை உறுதி செய்வதாகவும் ஒரு வரி. சொந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அப்படி ஒரு வரி எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே காலம் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

ஓவியத்திலும் இதே இரட்டைக் கணக்குதான். பட்டும் முத்தும் 'இவள் வீட்டுப் பெண்' என்கின்றன. தலைப்பாகையும் பழமும் 'இவள் எங்கேயோ இருந்து வந்தவள்' என்கின்றன. எலிசபெத்துக்குப் புத்தகம், டைடோவுக்குப் பழத்தட்டு. ஆனால் இரண்டு முகமும் ஒரே மட்டத்தில், ஒரே அக்கறையோடு வரையப்பட்டிருக்கின்றன. அன்றைய ஆங்கில ஓவியத்தில் இது அபூர்வம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். 1904-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் இந்தப் படம் எலிசபெத்தின் படமாக, கூடவே ஒரு 'நீக்ரோப் பணிப்பெண்' என்ற குறிப்போடு பதிவானது. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த பெண், உயிலில் பெயர் எழுதிய பெண், நூறு வருடத்தில் பணிப்பெண் ஆகிவிட்டார். யாரும் வேண்டுமென்றே அழித்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் எழுதியவர் படத்தைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், மீதியைத் தானே நிரப்பிக்கொண்டார். 1980களில்தான் டைடோவின் பெயர் ஆய்வுகள் வழியாகப் படத்துக்குத் திரும்பியது. 2013-இல் அவரைப் பற்றித் திரைப்படமும் வந்தது.

கொஞ்சம் சென்னைப் பக்கம்

டைடோவின் தந்தை லிண்ட்சேயின் பெயரைப் பார்த்ததும் சென்னை வரலாறு படித்தவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். அதே லிண்ட்சேதான். 1770-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கடற்பகுதியின் கப்பற்படைத் தளபதியாக வந்து, ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவிடம் இங்கிலாந்து மன்னரின் தூதராக இருந்தவர். மகள் கென்வுட்டில் வளர்ந்த வருடங்களில் அவர் இங்கே இருந்தார்.

அதே நேரத்தில் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியரும் சென்னையில் இருந்தார். 1769 முதல் 1776 வரை இந்தியாவில் தொழில் செய்தவர். நவாபை வரைந்தார். நவாபுக்குப் பெயர், பட்டம், வாள், நகை எல்லாம் உண்டு. அதே கெட்டில் 1772-இல் நாட்டியப் பெண்களையும் வரைந்தார். அந்தப் படம் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. தலைப்பு, 'நாட்டியப் பெண்கள்', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கறுப்பர்கள்'. கோட்டைக்கு வெளியே இருந்த ஊருக்கே 'கறுப்பர் பட்டணம்' என்று பெயர் வைத்தவர்கள்தானே. பாரிஸின் 'நெக்ரெஸ்' வருவதற்கு 28 வருடம் முன்பே அதே முறையை நம்மூர் ஆட்கள்மேலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தொழில் ஒன்று, நிறம் ஒன்று, பெயர் கிடையாது. ஆணுக்குப் பதவி இருந்தால் நிறம் மறைந்துவிடும் என்ற விதியும் அப்படியே பொருந்துகிறது.

பெயரைத் திருப்பிக் கொடுத்தால் போதுமா?

பென்வாவின் படத்துக்கு வருவோம். பழைய தலைப்பு காதுக்கு நாராசமாகத் தோன்ற ஆரம்பித்ததும் அதை 'ஒரு கறுப்பினப் பெண்ணின் உருவப்படம்' என்று மாற்றினார்கள். சொல் நாகரிகமானது, சொல்லும் செய்தி மாறவில்லை. 2019-இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாதிரிகளைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதில் இந்தப் படம் 'மதலேனின் உருவப்படம்' என்று வைக்கப்பட்டது. பென்வாவின் கணவருடைய சகோதரர் குவாதலூப்பிலிருந்து திரும்பியபோது அவர் வீட்டோடு வந்த, அடிமை நிலையிலிருந்து விடுபட்ட பெண் அவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அதே கண்காட்சியில் மானேயின் புகழ்பெற்ற 'ஒலிம்பியா' படத்தில் பூங்கொத்தோடு நிற்கும் பணிப்பெண்ணுக்கும் 'லோர்' என்ற அவருடைய பெயர் போடப்பட்டது. இதில் வேடிக்கை, லோரின் பெயரும் முகவரியும் மானேயின் குறிப்பேட்டிலேயே இருந்தன. தெரிந்த பெயர்தான். சுவரில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இப்படி மாற்றியதை எதிர்ப்பவர்களும் உண்டு. வரலாற்றுத் தலைப்பை மாற்றுவது வரலாற்றைத் திருத்துவது ஆகாதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1800-இல் இருந்த தலைப்பை முழுக்க அழித்துவிட்டால் அந்தச் சமூகம் அவளை எப்படி நடத்தியது என்பதற்கான ஆதாரமும் சேர்ந்து அழியும். வெறும் 'மதலேன்' என்று பார்க்கிறவர், அவள் ஏதோ மரியாதையோடு வரையப்பட்ட ஒரு பாரிஸ் பெண் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 'மதலேன்' என்பதில் குடும்பப் பெயர் இல்லை. அது ஒரு கிறிஸ்தவ ஞானஸ்நானப் பெயர். அடிமைகளுக்கு இப்படி ஒற்றைப் பெயர் வைப்பதுதான் அந்தத் தீவுகளில் வழக்கம். ஆக, அருங்காட்சியகம் திருப்பிக் கொடுத்தது அவளுடைய சொந்தப் பெயரை அல்ல, அவளை வைத்திருந்தவர்கள் கூப்பிட்ட பெயரை.

அப்படியானால் பெயர் மாற்றம் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் வந்ததும் கேள்விகள் மாறுகின்றன. 'நெக்ரெஸ்' என்று இருந்தவரை இருநூறு வருடமாகக் கேட்ட கேள்விகள்: இது எதன் உருவகம்? வண்ணச் சேர்க்கை எப்படி? தாவீதின் பாதிப்பு எவ்வளவு? 'மதலேன்' என்று ஆனதும் வரும் கேள்விகள் வேறு. இவளை யார் கூட்டிவந்தார்கள்? உட்கார்ந்ததற்குக் கூலி கொடுத்தார்களா? உடையை இறக்கச் சொன்னபோது முடியாது என்று சொல்லும் நிலையில் இருந்தாளா? 1802-க்குப் பிறகு இவளுக்கு என்ன ஆனது? உருவகத்திடம் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. ஆளிடம்தான் கேட்க முடியும்.

ஒரு விமர்சனமாக என் முடிவு இவ்வளவுதான். உருவப்படத்தில் ஒரு பெண்ணின் சமூக நிலையைத் தெரிந்துகொள்ள நாம் முதலில் நகையையும் துணியையும் பார்க்கிறோம். அதற்கு முன்னால் சட்டத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்க. பெயர் இருக்கிறதா, அது அவள் பெயரா, புருஷன் பெயரா, இனப் பெயரா? அதை எழுதியது யார், எந்த வருடம்? அவள் இந்தப் படத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா? இவ்வளவையும் கேட்டபிறகு முத்துமாலைக்கு வரலாம், ஒன்றும் அவசரமில்லை.

லூவர் மாதிரி இடங்களுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. எந்தத் தலைப்பையும் அழிக்க வேண்டாம், எதையும் ஒளிக்கவும் வேண்டாம். 1800-இல் என்ன சொன்னார்கள், நடுவில் எப்படி மாற்றினார்கள், 2019-இல் எந்தப் பெயர் வந்தது, மூன்றையும் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கட்டும். மொத்தம் மூன்று வரி. சுவரில் பெரிதாக இடம் பிடிக்காது.